பாடங்கேட்டலும் நன்றியறிதலும்

நன்றி என்னுஞ் சொல் இக்காலத்தில் ஓர் உபசார மொழியாய்ச் சுருங்கிவிட்டது. அவை முடியுந் தறுவாயில் ஒருவர் எழுந்து நன்றி நவிலத் தொடங்கிய அளவிலே, கேட்போர் செருப்பைத் தேடிப் புறப்படுகின்றனர். பழைய வழக்கில் அச்சொற்கு நன்மை என்பதே நேர்ப்பொருளாம். எனவே, செய்ந்நன்றியறிதல் என்பது பிறர் தமக்குச் செய்த நன்மையை அறிதல் என்றாகும். திருவள்ளுவனார் தம் நூலின் 11-ஆம் அதிகாரத்திற்கு 'அறிதல்' என்றே முடியுமாறு பெயரிட்டனர். கூறல் என்றாதல் செலுத்தல் என்றாதல் பெயரிட்டிலர். அதற்கு முன்னுள்ளது 'இனியவை கூறல்' ஆகலின், கூறுதலே கருத்தாயின் அங்ஙனம் பெயரிடுதல் அவர்க்கு அரிதன்று. பரிமேலழகரும் அவ்வதிகாரத்திற்கு மறவாமை என்றே பொருள் கண்டார். அறிதலும் மறவாமையும் கல்விக்குரிய தொழில்களாதலை யாவரும் அறிவர். ஆகவே, நன்றியறிதல் கற்றபின் செய்யும் மரியாதை அன்று, கற்றலின் உறுப்பே அஃது என்னும் எம் கருத்தினை ஈண்டுச் சிறிது விரித்துரைப்பாம்.

இக்கருத்திற்குச் சித்தாந்த நூலுள் அடிப்படை உண்டு. உயிர் அறிவித்தால் அறியும் இயல்பினது என்பது நம் நூல்களின் துணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டாயினும் ஒளியின் துணையின்றி அது காணமாட்டாதவாறுபோல, உயிரும் தானே அறியமாட்டாது. சிவஞானபோதத்து 12 சூத்திரங்களுள் 5-ஆவது இதனை ஒருபடி மேலுஞ் சென்று உணர்த்துகின்றது. மெய், வாய் முதலிய பொறிகள் உயிரின் துணையால் தத்தம் புலன்களை அறிகின்றனவாயினும், தம்மையும் அறியா, தம்மை அறியச்செய்யும் உயிரையும் அறியா. அதுபோலவே உயிரும் திருவருளால் அறிந்துவைத்தும் அத்திருவருளை அறிவதில்லை என்பது அதன் கருத்து. இதனைக் கல்விச்சாலையில் வைத்து எண்ணிப் பார்மின். மாணாக்கன் ஒருவன் ஒரு செய்யுட்குப் பொருள் கண்டவுடன், அப்பொருளைத் தானே கண்டதாக எண்ணுகின்றான். யார் சொல்லக் கேட்டு அவன் அறிவு அவ்வழியிற் சென்றதோ, அவர் அவன் நினைவிற் புலப்படுவதில்லை. இஃது அவன் கொடுமையன்று. கண்டுகொண்டிருக்கும் போது ஒளியை எவரும் பார்ப்பதில்லை. நன்றியறியாமை பெரும்பாலும் தீக்குணமாக அன்றி ஓர் அறியாமையாகவே நம்மிடத்து உள்ளது. அதனாலேயே அதனை நீக்குதற்கு வைதல் பயன்படாது, பயிற்சியே வேண்டும்.

இனி, யாரிடங் கேட்டோம் என்பதை மறத்தலால் மாணாக்கனுக்கு வரும் இழப்பு யாது? ஒழுக்கக் குறைவு ஒருபுறம் நிற்க. கல்வியிலேயே குறைவு நேரும். ஒரு தொடர்க்குப் பரிமேலழகர் கொண்ட பொருள் ஒன்று. மணக்குடவர் கொண்ட பொருள் பிறிதொன்று. தன் ஆசிரியர் பாடஞ் சொல்லும்போது காட்டிய நயம் இன்னொன்று. இம்மூன்றையும் பெயர் நீக்கி மனத்திற் போட்டு வைத்தவன், சின்னாட்களில் மூன்றையுங் கலந்து நான்காவது ஒன்றைச் சொல்வான். அதற்கு எவரும் பொறுப்பாளர் ஆகார். பின்னொருகால் ஐயம் பிறந்தவிடத்து, எவர்பாற் சென்று தெளிவது என்பதும் அவனுக்குத் தெரியாது. உரியவரை நினைவில் வைத்தவனோ, அவர் சொன்ன இடம், சொன்ன காரணம், எடுத்துக்காட்டிய மேற்கோள் ஆகிய அனைத்தையும் அந்நினைவோடு சேர்த்துப் பெறுகின்றான். ஒரு பொருளை அதனைத் தந்தவரொடு சேர்த்து நினைத்தல் நெஞ்சிற் பதிதற்குச் சிறந்த வழி என்பதை நெடுநாள் பாடங்கேட்டவர் எவரும் உடன்படுவர்.

எம் ஆசிரியர்க்கு இவ்வகையில் ஒரு வழக்கம் இருந்தது. பாடஞ் சொல்லும்போது இடையிடையே 'இது பெரிய ஐயா சொன்னது' என்பார். பெரிய ஐயா என்றது அவருடைய ஆசிரியரை. சிலவிடத்து, 'இஃது எனக்குத் தோன்றியது, ஒத்துப் பாருங்கள்' என்பார். யாம் ஏட்டின் ஓரத்தில் முன்னதற்கு ஒரு குறியும் பின்னதற்கு ஒரு குறியும் இட்டு வைப்போம். நாற்பது ஆண்டு கழிந்த இன்றும் அவ்வேட்டைத் திறந்தால் எது எவர் வாக்கு என்பது விளங்குகின்றது.

இம்முறை பண்டே நம்மிடத்து உள்ளது. இறையனார் அகப்பொருள் உரையில், அவ்வுரை நடந்து வந்தவாறு ஒரு பகுதியாகவே வைக்கப்பட்டுள்ளது. நக்கீரனார் தம் மகனார் கீரங்கொற்றனார்க்கு உரைத்தது தொடங்கி, முசிறி ஆசிரியர் நீலகண்டனார் ஈறாக, அதனைக் கேட்டுக் கேட்டுக் கொணர்ந்தோர் பெயர் வரிசையாகச் சொல்லப்படுகின்றது. அவருள் பலர் வேறெவ்விடத்தும் அறியப்படாதவர். அவர் செய்த நூலும் இன்று நமக்குக் கிடைத்திலது. ஒன்றைக் கேட்டுக் கெடாமல் அடுத்தவர்க்குக் கொடுத்தார் என்னும் அத்துணையே அவர் பெருமை. அவ்வொன்றன் பொருட்டு அவர் பெயர் நிற்கின்றது.

பாயிரத்திலக்கணத்தை நோக்கினும் இவ்வுண்மை விளங்கும். ஒரு நூற்குச் சிறப்புப்பாயிரஞ் செய்வோர் யாவரென வகுக்கும் பவணந்தி முனிவர், அந்நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனொடு கற்றோன், அவன் மாணாக்கன், தக்க உரைகாரன் என்போரைக் கூறினர். தொல்காப்பியத்திற்குப் பாயிரஞ் செய்த பனம்பாரனார் அந்நூலாசிரியரோடு ஒருசாலை மாணாக்கர் என்பது வழிவழி வரும் செய்தி. அப்பாயிரத்துட் கூறவேண்டியனவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து நிற்பது 'வழி' என்பது. இந்நூல் எந்நூலின் வழித்தாய் வந்தது என்று சொல்லுதல் அதன் பொருள். தோற்றுவாய் சொல்லாது ஒரு நூலைத் தொடங்குதல் பண்டையோர்க்கு உடன்பாடன்று.

நன்னூற் பொதுப்பாயிரத்துள் மற்றொரு கணக்கு உண்டு. அதனை மாணாக்கர் மனப்பாடஞ் செய்கின்றனர். அதன் ஆழத்தை எண்ணுவார் சிலரே. ஆசிரியன் உரைத்ததனை மாணாக்கன் எவ்வளவு செவ்வையாகக் கொண்டானாயினும், அவன் பெறுவது புலமையிற் காற்பங்கே என்கின்றார் முனிவர். ஒருங்கு கற்பாரொடு பயிலுதலால் மற்றொரு கால் வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறர்க்கு விரித்துரைத்தலினால் வந்து நிரம்பும். இக்கணக்கு உண்மையாயின், கற்றவன் செய்ந்நன்றி அறியவேண்டிய இடமும் மூன்றாகும். ஆசிரியனுக்கு மட்டும் வணக்கஞ் செலுத்திவிட்டு அமைபவன் கால்வாசிக் கடனையே அறிந்தவன். தன்னோடு திண்ணையில் இருந்து வினவியும் மறுத்தும் தன் அறிவைத் தீட்டினவனுக்கு ஒரு பங்கு உண்டு. தன் முன் வந்து அமர்ந்து, 'ஐயா, இது விளங்கவில்லை' என்று கேட்ட சிறுவனுக்கோ இரு பங்கு உண்டு. ஆசிரியர் எனப்படுவார் பலரும் இந்த அரைப்பங்கினை மறந்தே போகின்றனர்.

இதற்கு அண்மைக் காலத்துச் சான்று வேண்டுவார்க்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் வரலாறு போதும். அவர் 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து, 1876-இல் அப்பெரியார் சிவபதம் எய்தும்வரை உடனிருந்து பாடங்கேட்டார். அவர் ஆசிரியர் பெருமையை விரித்து எழுதிய சரித்திரம் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து ஏறக்குறைய 57 ஆண்டுகள் கழிந்தபின், தாமே எழுபத்தெட்டு வயதை எட்டிய நிலையில் அதனை வெளியிட்டார் என்பது கருதத்தக்கது. அச்சரித்திரத்தில் பிள்ளையவர்கள் கற்ற முறையும் வருகின்றது. திரிசிரபுரத்தில் பிச்சை ஏற்று உண்டு திரிந்த பரதேசி ஒருவர் தண்டியலங்காரம் அறிந்தவர் என்று கேள்வியுற்று, அவர் பின்னே சென்று, வேண்டியன செய்து, அந்நூலைப் பிள்ளையவர்கள் பாடங்கேட்டார். பின்னாளில் தமிழ்நாடு முழுதும் போற்றிய பெரும்புலவர் தமக்கு அணியிலக்கணஞ் சொன்னவர் ஒரு பரதேசி என்பதை மறைத்திருந்தால், நாம் அதனை எங்ஙனம் அறிவோம்? அவர் சொல்லியிருக்கின்றார், மாணாக்கர் எழுதி வைத்தார்.

உடன்கற்றார் பங்கிற்கு வருவாம். பிள்ளையவர்களின் மாணாக்கருள் மூத்தவராகிய தியாகராச செட்டியார் கும்பகோணங் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்து 1880-இல் ஓய்வுபெற்றபோது, அவ்விடத்திற்குச் சாமிநாதையரை அமர்த்துவித்தார். ஐயர் பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டனர். நாள்தோறும் வீட்டினுட் புகும்போதும் வெளிப்படும்போதும் கண்ணிற் படுமிடத்துச் செய்ந்நன்றியை எழுதி வைத்த செயல் அது. (அவ்வில்லம் 2012-இல் இடிக்கப்பட்டது. அதனைக் காத்து வைக்கத் தமிழ் மக்களாகிய நம்மாற் கூடவில்லை. இதற்குமேல் இதுபற்றி எழுதக் கை எழவில்லை.)

மூன்றாவது பங்கே யாம் சிறப்பாகக் காட்ட விழைவது. அதே 1880-ஆம் ஆண்டின் இறுதியில், கும்பகோணத்திற்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் ஐயரைக் கண்டு, அவர் கற்றன யாவை என வினவினார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று நெடிய வரிசை ஒன்று சொல்ல, முதலியார் வியந்தாரில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டோ என்று கேட்டார். பின்பு சீவகசிந்தாமணியைத் தமக்குப் பாடஞ் சொல்ல வேண்டுமென்று கூறி, அதன் பிரதியையும் தாமே வருவித்துக் கொடுத்தார். பாடஞ் சொல்லப் புகுந்த ஐயர் அந்நூலைத் தாமே அப்போதுதான் கற்கவேண்டியவரானார். அது சமண நூலாதலின் விளங்காத இடங்கள் பல நேர்ந்தன. கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று அவர்களை வினவித் தெளிந்தார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர் பிறசமயத்தார்பாற் சென்று கேட்கவும், கேட்டதை நன்றியொடு சொல்லவும் நாணவில்லை. 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவ்வழியே அவர் கையால் வெளிவந்தன. பாடங்கேட்க வந்தவரே பாடஞ் சொல்வோரின் கண்ணைத் திறந்தார் என்பது இதனால் விளங்கும். ஐயர் 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதி வந்த தம் சரித்திரத்துள் முதலியாரை ஒரு பேருபகாரியாகவே வைத்து எழுதினார். அன்று அந்த முன்சீபின் வினாவை அவமதிப்பாகக் கொண்டு அவர் திரும்பியிருந்தால் என்னாம் என்பதை எண்ணும்போது உடல் நடுங்குகின்றது.

ஆசிரியத் தொழிலுக்கு நன்றியறிதல் துணையாமாறு இனிக் கூறுவாம். ஆசிரியராதற்குத் தகாதார்க்கு நன்னூலார் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமை கூறினர். குடத்துட் பெய்த கழற்காய் பெய்த முறையில் வெளிவாராது. மடல் சூழ்ந்த பனை தன் பழத்தைத் தானாக உதிர்ப்பதன்றி, பிறர் அணுகிப் பறிக்க இடங்கொடாது. பருத்தி அடைத்த குண்டிகையில் இடுதலும் அரிது, எடுத்தலும் அரிது. முடத்தெங்கோ, ஒருவர் தோட்டத்தில் நீர் உண்டு வளைந்து வளர்ந்து வேற்றார் தோட்டத்திற் காயை உதிர்க்கும். நான்கனுள்ளும் இறுதியதே செய்ந்நன்றி கொன்ற தன்மையை நேரே காட்டுவது. தனக்குப் பணி செய்து சூழ்ந்திருப்பாரை விட்டுப் பிறர்க்கே பயன்படும் ஆசிரியனை உரையாளர் இதற்குப் பொருளாகக் காட்டுவர். தன் வேரில் நீர் வார்த்தவர் எவர் என்பதை அம்மரம் அறியாது. மடற்பனையின் குற்றமும் இதனோடு உறவுடையது என்பது எம் கருத்து. கற்றதெல்லாம் தன் உடைமை என்று எண்ணுபவன் அதனைக் கொடுத்தற்கு வருந்துவான். ஒருவர்பால் வாங்கியதை மற்றொருவர்பாற் சேர்ப்பிக்கின்றோம் என்று எண்ணுபவனுக்குக் கொடுத்தல் எளிது. ஒரு செய்தியைச் சொன்னால் மாணாக்கன் தன்னினும் மேம்படுவான் என்று அஞ்சி அரைகுறையாகச் சொல்லி விடுவாரை யாமும் கண்டதுண்டு. அவரும் தம் இளமையில் யாரோ ஒருவர் அஞ்சாது சொல்லக் கேட்டவரே.

நம் சந்தான மரபு இதற்கு அழகிய ஒரு செய்தியைத் தருகின்றது. திருவெண்ணெய்நல்லூரில் சுவேதவனப் பெருமாள் என்னும் பிள்ளைத் திருநாமத்தோடு இருந்த குழந்தைக்குப் பரஞ்சோதி முனிவர் உபதேசஞ் செய்து, தம் ஆசிரியராகிய சத்தியஞான தரிசினிகள் பெயரையே தமிழில் மெய்கண்டார் என ஆக்கி இட்டருளினார் என்பது வரலாறு. தந்தையின் பெயரை மகனுக்கிட்டு, அவனைப் பெயரன் என்று வழங்குதல் தமிழ்க்குடிகளின் முறைமை. அம்முறை ஈண்டு ஞானக்குடியிற் சென்றது. ஆசிரியர்க்குச் செய்யும் நன்றியை மாணாக்கன் தலையில் வைத்துப் பார்த்தார் பரஞ்சோதியார். மாணாக்கனை ஒவ்வொரு முறை அழைக்கும்போதும் தம் ஆசிரியர் பெயரே நாவில் வரும். அங்ஙனம் அழைக்கும் மாணாக்கனிடத்து வெகுளியாதல் இகழ்ச்சியாதல் எங்ஙனம் தோன்றும்? அம்மெய்கண்டார்பால் வந்து அடங்கிய அருணந்தி சிவமோ சகலாகம பண்டிதர் என்று பெயர்பெற்ற முதியவர். அக்குழந்தையின் குடிக்குக் குலகுரு. கற்றது மிகுதியாயினும் தமக்கு அறிவித்தார் யார் என்பதைத் தெளிந்தமையால், அவர் சிவஞானபோதத்தின் வழிநூலாகச் சித்தியாரையும், ஆசிரியரை முன்னிலைப்படுத்தி இருபா இருபஃதையும் செய்தார். இருபா இருபஃது வணக்கமாக மட்டும் அமைந்ததன்று. வினாவும் தடையுமாகச் செல்லும் நூல் அது. நன்றியுடையார் வாய் பொத்தி நிற்க வேண்டும் என்பார்க்கு அந்நூல் ஒன்றே விடை.

அற்றேல், ஆசிரியர்பால் நன்றியுடையான் அவர் கூற்றிற் பிழை கண்டவிடத்து என் செய்வான், பிழையென்னின் நன்றி கெடும், அன்றென்னின் உண்மை கெடுமே எனின், இத்தடை வலியுடையதே. இதனைப் பரிமேலழகர் முன்னரே கண்டனர். செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமை வைக்கப்பட்டமைக்கு அவர் காரணங் கூறுகின்றார்: நன்மை செய்தாரிடத்து அந்நன்மையை நினைந்தபோது நடுவுநிலைமை சிதையக்கூடும், அவ்விடத்தும் அது சிதையலாகாது என்றற்கு அடுத்து வைத்தார் என்பது அவர் கருத்து. எனவே, நன்றியறிதல் தனித்து நின்று ஆளுதற்குரிய அறம் அன்று. 12-ஆம் அதிகாரம் அதனைத் தொடர்ந்து காவல் நிற்கின்றது.

செயலில் இது கூடுமோ எனின், கூடும். நன்னூற்குச் சங்கரநமச்சிவாயர் விருத்தியுரை செய்தார். பின்வந்த மாதவச் சிவஞான முனிவர் அவ்வுரையில் திருத்த வேண்டியவற்றைத் திருத்தியும், கூட்ட வேண்டியவற்றைக் கூட்டியும் அமைத்தார். பிறர் கொள்கையை மறுத்தலில் அம்முனிவர்க்கு அச்சம் என்பது இல்லை. அவர் கண்டன நூல்களைக் கண்டார் அதனை அறிவர். ஆயினும் பழைய உரையை அழித்துத் தம் பெயரால் வேறோர் உரை செய்து நிறுத்தினாரல்லர். இன்றும் அவ்வுரை சங்கரநமச்சிவாயர் செய்து சிவஞான முனிவரால் திருத்தப்பட்டது என்று இருவர் பெயரையும் தாங்கியே வழங்குகின்றது. திருத்தினவிடத்தும் முன்னோன் உழைப்பு நிற்க விடுதலே நன்றியும் நடுவுநிலைமையும் ஒருங்கு இருக்கும் முறை.

இதன் மறுதலையாக, நன்றியைக் கேட்டு வாங்கும் ஆசிரியர் சிலர் உளர். 'உன்னை ஆளாக்கியது யார்?' என்று அவையில் வினவுதலும், தம் கருத்தை மறுத்தவனை நன்றி கொன்றவன் என்று தூற்றுதலும் அவர் வழக்கம். அறிதற்குரிய ஒன்றைத் தண்டற்குரியதாக்குவார் இவர். அத்தகையார்பாற் பயிலும் மாணாக்கன் நன்றி சொல்லப் பழகுவான், நன்றியறியப் பழகான். வினவவும் மறந்துபோவான்.

பயிற்சி என்றோம். அதனைச் செய்யுமாறு யாது? அமெரிக்க உளநூலார் எம்மன்சு, மெக்கல்லோ என்னும் இருவர் 2003-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். தமக்குற்ற நன்மைகளுள் ஐந்தினை வாரந்தோறும் எழுதி வந்தார், இடையூறுகளை எழுதி வந்தாரினும் தம் வாழ்வைப் பற்றி மிக்க மனநிறைவு உடையராயிருந்தனர் என்பது அதன் முடிபுகளுள் ஒன்று. அது மனத்தின் இன்பத்தை அளந்தது. யாம் சொல்வது அறிவின் தெளிவை. ஆயினும் எழுதுதல் என்னும் வழி நமக்கும் ஏற்றதே. பாடம் முடிந்தபின் மாணாக்கன் அன்று புதிதாக அறிந்த ஒன்றையும், அதனை அறிதற்குக் காரணமாயினாரையும் ஒரு வரியில் எழுதுக. காரணமாயினார் ஆசிரியராகலாம், பக்கத்திலிருந்து பிழையான விடை சொன்ன தோழனாகலாம், ஏடெழுதினோனாகலாம். ஆசிரியரும் அன்று தம்மை ஒரு நூலை மீண்டும் புரட்டச்செய்த வினா யாது, அதனை வினவினவன் யார் என்று எழுதி வைப்பாராக. மறுநாள் அவன் பெயரைச் சொல்லியே அவ்விடையைத் தொடங்குவாராக. தன் வினா ஆசிரியரைப் படிக்க வைத்தது என்று கேட்ட சிறுவன் அடுத்த நாள் என்ன செய்வான் என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை. அவனை அடக்குதலே அரிதாய்விடும்.

இக்காலத்து மாணாக்கர் பலரும் பழைய நூல்களைக் கைப்பேசியிற் படிக்கின்றனர். ஆசிரியர் முகமே காணாது கற்பார்க்கு நன்றியறிதல் எங்ஙனம் கூடும் என்று அன்பர் சிலர் எம்மை வினவினர். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வாயிலாகத் திருக்குறள் முதலாகப் பல நூல்கள் எவரும் விலையின்றிப் பெறுமாறு கணிப்பொறியில் ஏற்றப்பட்டுள்ளன. ஊதியம் பெறாத அன்பர் பலர், பல நாடுகளிலிருந்தும், எழுத்தெழுத்தாக அடித்துப் பிழை பார்த்து இட்டவை அவை. அந்நூற் பக்கங்களின் தலைப்பில், அடித்தவர் பெயரும் பிழை திருத்தியவர் பெயரும் சிறிய எழுத்திற் குறிக்கப்பட்டிருக்கக் காணலாம். படிப்போர் விரலால் அப்பகுதியைத் தள்ளிவிட்டுச் செய்யுளுக்கு ஓடுகின்றனர். எம்மிடம் பாடங்கேட்க வரும் பிள்ளைகளை, அவ்வரிகளையும் பாயிரமாகக் கொண்டு வாய்விட்டுப் படித்தபின்னரே முதற் செய்யுளைத் தொடங்கச் சொல்லி வருகின்றோம்.